கணினி மானிட்டர் இயக்கிகளின் வரலாறு

மானிட்டர் இயக்கி என்பது ஒரு கணினித் திரையின் திறன்களை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் சிறிய கோப்புத் தொகுப்பு ஆகும். அச்சுப்பொறி, ஒலி அட்டை, வரைகலை அட்டை ஆகியவற்றின் இயக்கிகளில் இயங்கும் நிரல் இருக்கும். மானிட்டர் இயக்கியில் பொதுவாக அப்படி எதுவும் இருப்பதில்லை. அந்தத் திரை காட்டக்கூடிய உச்சப் படப்புள்ளி அளவு, அது தாங்கும் அலைவெண்கள், அதன் வண்ணத் தன்மை ஆகிய குறிப்புகளே இதில் இருக்கும். எனவே 'இயக்கி' என்ற பெயர் வழக்கில் நிலைத்துவிட்டாலும், இதை ஓர் அறிமுகச் சீட்டு என்று சொல்வதே பொருத்தம்.

இன்று ஒரு திரையைக் கணினியுடன் இணைத்ததும் சரியான அளவில் படம் தெரிகிறது. ஏறத்தாழ 1981 முதல் 2000 வரை அப்படி இல்லை. திரையின் எல்லைகளைக் கணினிக்குச் சொல்லும் பொறுப்பு பயனரிடம் இருந்தது. தவறாகச் சொன்னால் திரை கறுத்துப் போகும். சில பழைய திரைகள் பழுதாகவும் கூடும். அந்தப் பொறுப்பு அட்டையிலிருந்த சிறு சுவிட்சுகளிலிருந்து நெகிழ்வட்டுக்கும், பின்னர் திரைக்குள் இருக்கும் நினைவகச் சில்லுக்கும் இடம் மாறியதே மானிட்டர் இயக்கியின் வரலாறு.

கணினி ஏன் திரையை அறிய வேண்டும்?

பழைய மானிட்டர்கள் எதிர்மின் கதிர்க்குழாயால் ஆனவை. குழாயின் பின்புறத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறப் பூச்சில் இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக ஓடிப் படத்தை வரைகிறது. கற்றையை வளைக்கும் சுருள்களுக்கு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் ஒத்திசைவுச் சமிக்ஞை தேவை. அதை அனுப்புவது வரைகலை அட்டை. ஒரு நொடியில் வரையப்படும் வரிகளின் எண்ணிக்கை கிடைமட்ட அலைவெண் எனப்படும். ஒரு நொடியில் முழுப் படம் எத்தனை முறை வரையப்படுகிறது என்பது செங்குத்து அலைவெண் அல்லது புதுப்பிப்பு வீதம்.

இவை இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. 640×480 அளவுள்ள படத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் 480 வரிகளுடன், கற்றை மீண்டும் மேலே செல்வதற்கான நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 525 வரிகள். நொடிக்கு ஏறத்தாழ 60 முறை வரைந்தால் கிடைமட்ட அலைவெண் 31.5 கிலோ ஹெர்ட்ஸ் ஆகிறது. 1024×768 அளவை 60 ஹெர்ட்ஸில் காட்ட 48.4 கிலோ ஹெர்ட்ஸும், அதையே 85 ஹெர்ட்ஸில் காட்ட 68.7 கிலோ ஹெர்ட்ஸும் தேவை.

கிடைமட்டச் சுற்று ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக வடிவமைக்கப்படுகிறது. அதே சுற்றுதான் குழாய்க்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. பொருந்தாத அலைவெண் வந்தால் படம் சாய்ந்து கிழிந்ததுபோல் தோன்றும், அல்லது மறைந்துவிடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத திரையில் டிரான்சிஸ்டர் சூடேறிப் பழுதாகும் வாய்ப்பும் உண்டு. ஆகவே திரையின் எல்லை எது என்ற கேள்வி, படத்தின் அழகைப் பற்றியது மட்டும் அல்ல. கருவியின் ஆயுளைப் பற்றியதும் ஆகும்.

சுவிட்சுகளின் காலம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது இரண்டு வகைக் காட்சி அட்டைகளை அளித்தது. எம்.டி.ஏ. என்பது எழுத்துகளை மட்டும் ஒரே நிறத்தில் காட்டுவது. அதன் கிடைமட்ட அலைவெண் 18.4 கிலோ ஹெர்ட்ஸ், புதுப்பிப்பு வீதம் 50 ஹெர்ட்ஸ். சி.ஜி.ஏ. என்பது வண்ணம் காட்டுவது. அதன் கிடைமட்ட அலைவெண் 15.7 கிலோ ஹெர்ட்ஸ், புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரே மாதிரியான 9 முனை இணைப்பிதான். ஒன்றுக்கு உரிய திரையை மற்றொன்றில் செருகுவதைத் தடுக்க இணைப்பியின் வடிவத்தில் எதுவும் இல்லை. எந்த அட்டை பொருத்தப்பட்டுள்ளது என்பதைப் பயனர் தாய்ப்பலகையிலுள்ள சிறு சுவிட்சுகளைத் தள்ளிக் கணினிக்குச் சொல்ல வேண்டும்.

1984 இல் வந்த இ.ஜி.ஏ. அட்டை 640×350 அளவில் 16 நிறங்களைக் காட்டியது. இது பழைய ஒரு நிறத் திரை, சி.ஜி.ஏ. திரை, புதிய இ.ஜி.ஏ. திரை ஆகிய மூன்றுடனும் வேலை செய்யக்கூடியது. எந்தத் திரை இணைக்கப்பட்டுள்ளது என்பதை அட்டையின் பின்பக்கத்தில் இருந்த நான்கு சுவிட்சுகள் தீர்மானித்தன. பின்னாளில் மானிட்டர் இயக்கி செய்த வேலையை அன்று இந்த நான்கு சுவிட்சுகள் செய்தன.

இக்காலத்தில் மென்பொருள் பக்கத்திலும் பொதுவான ஏற்பாடு இல்லை. டாஸ் இயங்குதளம் வரைகலைக்கு உதவவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கான காட்சி இயக்கியைத் தானே கொண்டுவந்தது. 1982 இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்ற பொறியாளர், தாய் எழுத்துகளைத் தன் கணினியில் காட்ட விரும்பி இந்த அட்டையை உருவாக்கினார். ஒரு நிறத் திரையிலேயே 720×348 அளவில் வரைகலையைக் காட்டியது இது. ஐ.பி.எம். தரத்தில் இல்லாத இந்த அட்டை பரவியதற்கு முக்கியக் காரணம், லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டு மென்பொருள் அதற்கான இயக்கியுடன் வந்தது. இயக்கி இல்லாத மென்பொருளில் அந்த வரைகலைத் திறனால் பயன் இல்லை.

வி.ஜி.ஏ. தந்த சிறிய அடையாளம்

1987 ஏப்ரலில் ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 கணினிகளுடன் வி.ஜி.ஏ. தரத்தை அறிமுகப்படுத்தியது. முன்பு எண்மச் சமிக்ஞையாக இருந்த வண்ணத் தகவல் இப்போது ஒப்புமைச் சமிக்ஞை ஆனது. 15 முனைகள் கொண்ட புதிய இணைப்பியில் சில முனைகள் திரையின் அடையாளத்துக்காகவே ஒதுக்கப்பட்டன. திரையின் உள்ளே எந்த முனை தரையுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, அது வண்ணத் திரையா ஒரு நிறத் திரையா என்பதை அட்டை அறிந்துகொண்டது. அதே காலத்து மக்கின்டோஷ் II கணினியிலும் மூன்று உணர்வு முனைகள் இதே வேலையைச் செய்தன.

இம்முறையால் ஒருசில வகைகளை மட்டுமே வேறுபடுத்த முடிந்தது. ஒரே நிறுவனம் கணினியையும் திரையையும் செய்து விற்கும்போது அது போதும். ஆனால் 1985 இல் என்.இ.சி. நிறுவனத்தின் மல்டிசிங்க் மானிட்டர் வந்ததிலிருந்து நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ஒரே அலைவெண்ணில் நிற்காமல், 15 முதல் 35 கிலோ ஹெர்ட்ஸ் வரை வரும் சமிக்ஞைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திரை அது. பிற நிறுவனங்களும் இவ்வகைத் திரைகளைச் செய்தன. ஒவ்வொன்றின் எல்லையும் வேறு. அந்த எல்லை எது என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் மட்டுமே இருந்தது.

வி.ஜி.ஏ.வுக்கு மேற்பட்ட அளவுகளை அட்டை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வகுத்ததால் குழப்பம் பெருகியது. இதைத் தீர்க்க என்.இ.சி.யும் சில அட்டை நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியதே வெசா என்ற தர அமைப்பு. அதன் முதல் வேலை 800×600 அளவுக்குப் பொதுத் தரம் வகுப்பது. 56 ஹெர்ட்ஸில் 35.2 கிலோ ஹெர்ட்ஸ் மட்டுமே கேட்ட வடிவம் இதில் அடங்கும். அது அன்றைய பல அலைவெண் திரைகளுக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

நெகிழ்வட்டும் பட்டியலும்

1985 இல் வெளிவந்த விண்டோஸ், காட்சி இயக்கிகளை ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் எடுத்து இயங்குதளத்தின் பொறுப்பாக்கியது. 1992 இன் விண்டோஸ் 3.1 வரை அது வரைகலை அட்டையை மட்டுமே கவனித்தது. திரையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. புதுப்பிப்பு வீதத்தை மாற்ற, அட்டையுடன் வந்த சிறு டாஸ் நிரலை இயக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டளை பெரும்பாலும் கணினி தொடங்கும்போது தானாக ஓடும் கோப்பில் எழுதி வைக்கப்பட்டது. திரையை மாற்றிவிட்டு அந்த வரியை மாற்ற மறந்தால் புதிய திரையில் படம் வராது.

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 மானிட்டரைத் தனி வன்பொருளாகக் கருதியது. நிறுவனங்களின் பெயர்களும் மாதிரி எண்களும் அடங்கிய நீண்ட பட்டியல் அதனுடன் வந்தது. பயனர் தன் திரையின் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். அதில் இல்லையென்றால் 'ஹேவ் டிஸ்க்' என்ற பொத்தானை அழுத்தி, மானிட்டருடன் வந்த நெகிழ்வட்டைச் செருகலாம். அதுவும் இல்லாதவர்கள் 'சூப்பர் வி.ஜி.ஏ. 1024×768' போன்ற பொது வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர்.

அந்த வட்டில் இருந்தது ஐ.என்.எஃப். என்ற வகைக் கோப்பு. எந்த உரைத் தொகுப்பியிலும் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரை அது. நிறுவனத்தின் பெயர், மாதிரியின் பெயர், உச்ச அளவு ஆகியவற்றுக்குப் பின் முக்கியமான ஒரு வரி வரும். '30 முதல் 70 வரை, 50 முதல் 120 வரை' என்று எழுதப்பட்டிருந்தால், முதல் இணை கிடைமட்ட அலைவெண்ணின் எல்லைகளையும் அடுத்தது செங்குத்து அலைவெண்ணின் எல்லைகளையும் குறிக்கும். ஒத்திசைவுச் சமிக்ஞையின் முனைவும், மின்சேமிப்பு வசதி உண்டா என்பதும் உடன் இருக்கும். இயங்குதளம் இவற்றைப் பதிவகத்தில் எழுதிக்கொண்டு, எல்லைக்கு வெளியே உள்ள தெரிவுகளைப் பயனரின் கண்ணிலிருந்து மறைத்தது. மானிட்டர் இயக்கியை நிறுவுதல் என்பது இவ்வளவே.

இந்தச் சிறு கோப்பு இல்லாவிட்டால் என்ன? திரை வேலை செய்யும்; ஆனால் இயங்குதளம் எச்சரிக்கையாக 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். கதிர்க்குழாய்த் திரையில் 60 ஹெர்ட்ஸ் படம் பலரின் கண்ணுக்கு மினுங்குவது தெரியும். பளிச்சென்ற வெள்ளைப் பின்னணியில் நாள் முழுவதும் வேலை செய்வோருக்குக் கண் சோர்வும் தலைவலியும் ஏற்படுத்தும். அதே திரை 85 ஹெர்ட்ஸில் இயங்கும் திறன் கொண்டதாக இருந்தாலும், அதைக் கணினிக்குச் சொல்ல யாரும் இல்லாததால் பல அலுவலகங்களிலும் கணினி மையங்களிலும் திரைகள் மினுங்கிக்கொண்டே இருந்தன.

தவறுகளுக்கு எதிரான காப்புகளும் இக்காலத்தில் உருவாயின. எல்லா அட்டைகளும் திரைகளும் ஏற்கும் 640×480 அளவில் தொடங்கும் பாதுகாப்பு முறை ஒன்று. புதிய அமைப்பைச் சோதித்து, 15 நொடிகளுக்குள் பயனர் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது மற்றொன்று. பயனருக்கு எதுவும் தெரியவில்லை என்றால் அவரால் உறுதி செய்ய முடியாது என்ற எளிய எண்ணமே இதன் அடிப்படை. மானிட்டர்களிலும் நுண்கட்டுப்படுத்திகள் வந்தன. பொருந்தாத சமிக்ஞை வந்தால் 'எல்லைக்கு வெளியே' என்ற அறிவிப்பைக் காட்டிவிட்டு அவை தம்மைக் காத்துக்கொண்டன.

லினக்ஸ் பயனர்களின் அனுபவம்

1990களில் லினக்ஸ் பயன்படுத்தியோருக்குப் பட்டியல் வசதிகூடக் குறைவு. எக்ஸ்ஃப்ரீ86 என்ற வரைகலை அமைப்பின் அமைவுக் கோப்பில், மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து எல்லைகளைப் பயனரே எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத அளவு வேண்டுமென்றால் 'மோட்லைன்' எனப்படும் வரியைக் கணக்கிட்டு எழுத வேண்டும். படப்புள்ளிக் கடிகாரத்தின் வேகம், வரியின் மொத்த நீளம், ஒத்திசைவுத் துடிப்பு தொடங்கும் இடம், முடியும் இடம் என எண்கள் அதில் அடங்கும். எரிக் ரேமண்ட் எழுதிய வழிகாட்டி ஒன்று இக்கணக்கை விளக்கியது. தவறான எண்கள் மானிட்டரைப் பழுதாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை இவ்வகை ஆவணங்களில் வழக்கமாக இடம்பெற்றது. மானிட்டர் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு தலைமுறை இந்தக் கோப்பின் வழியாகவே கற்றுக்கொண்டது.

திரையே பேசத் தொடங்குதல்

நெகிழ்வட்டு தொலைந்துபோகும், கையேடு கிழியும், ஆனால் திரை எங்கே சென்றாலும் அதன் உள்ளே இருப்பதும் உடன் செல்லும். இந்த எண்ணத்தின் அடிப்படையில் 1994 இல் வெசா இரண்டு தரங்களை வெளியிட்டது. திரையும் கணினியும் பேசும் வழி டி.டி.சி. எனப்பட்டது. அவ்வழியில் அனுப்பப்படும் தகவல் தொகுப்பு இ.டி.ஐ.டி. எனப்பட்டது.

பயன்பாட்டில் நிலைத்த டி.டி.சி. வடிவம், பிலிப்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ஐ2சி என்ற இருகம்பித் தொடர்பு முறையைப் பயன்படுத்தியது. வி.ஜி.ஏ. இணைப்பியில் பழைய அடையாள வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்த 12, 15 ஆகிய முனைகளே இதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. எனவே புதிய இணைப்பி தேவைப்படவில்லை. பழைய திரைகளும் தொடர்ந்து வேலை செய்தன.

இ.டி.ஐ.டி.யின் அடிப்படைத் தொகுப்பு வெறும் 128 பைட்டுகள். தயாரிப்பாளரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், மாதிரியின் குறியீடு, தொடர் எண், தயாரிக்கப்பட்ட வாரமும் ஆண்டும், திரையின் நீள அகலம், வண்ணத் தன்மைகள், ஏற்கும் அளவுகள், அலைவெண் எல்லைகள் ஆகியவை அதில் அடங்கும். கடைசிப் பைட்டு சரிபார்ப்புக்கு உரியது. எல்லாப் பைட்டுகளையும் கூட்டினால் 256 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் தகவல் சிதைந்துள்ளது என்று பொருள்.

இத்துடன் இயக்கி வட்டின் தேவை உடனே மறையவில்லை. டி.டி.சி. வசதியற்ற திரைகள் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தன. வசதி இருந்தவற்றிலும், இ.டி.ஐ.டி.யின் அடையாளக் குறியீட்டை ஐ.என்.எஃப். கோப்புடன் ஒப்பிட்டே விண்டோஸ் திரையின் சரியான பெயரைக் காட்டியது. பொருந்தும் கோப்பு கிடைக்காதபோது 'பிளக் அண்ட் பிளே மானிட்டர்' என்ற பொதுப் பெயரே தோன்றியது. பலர் இதை இயக்கி நிறுவப்படாத பிழை என்று எண்ணினர். உண்மையில் அதன் பொருள், திரை தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டது, அதன் வணிகப் பெயர் மட்டும் தெரியவில்லை என்பதே.

இயக்கித் தொகுப்பில் இக்காலத்தில் மற்றொரு பகுதியும் சேர்ந்தது. 1993 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு, ஐ.சி.சி. எனப்படும் வண்ண விவரக் கோப்புக்கு வடிவம் தந்தது. திரை சிவப்பை எந்த அளவு சிவப்பாகக் காட்டுகிறது என்பதை அச்சுப்பணி மென்பொருள்கள் இதன்மூலம் அறிந்து வண்ணத்தைத் திருத்தின. பின்னாளைய மானிட்டர் இயக்கிகளில் உண்மையாகப் பயனுள்ள பகுதி பெரும்பாலும் இதுவே.

தட்டைத் திரைகளும் எண்ம இணைப்பிகளும்

நீர்மப் படிகத் திரைகளில் எலக்ட்ரான் கற்றை இல்லை. படப்புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. 60 ஹெர்ட்ஸில் அவை கதிர்க்குழாய்போல் மினுங்குவதில்லை. ஆகவே அலைவெண் எல்லை பற்றிய அச்சம் குறைந்தது. திரையின் இயல்பான அளவு எது என்ற கேள்வி முக்கியமானது. இ.டி.ஐ.டி.யின் முதல் விரிவான குறிப்பு அந்த விருப்ப அளவைச் சொன்னது. 1999 இல் வந்த டி.வி.ஐ., 2002 இல் வந்த எச்.டி.எம்.ஐ., 2006 இல் வந்த டிஸ்பிளேபோர்ட் ஆகிய எண்ம இணைப்பிகள் எல்லாம் இந்தத் தகவல் பரிமாற்றத்தைத் தொடர்ந்தன. லினக்ஸிலும் 2009 இல் வெளியான 2.6.29 கருவகம் முதல் திரை அமைப்பைக் கருவகமே மேற்கொள்ளும் முறை வந்ததால், கையால் எழுதும் அமைவுக் கோப்பின் தேவை படிப்படியாக மறைந்தது.

பழைய திரைகளின் இன்றைய நிலை

தானாக அறியும் முறை பரவியபின், தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாத திரைகள் ஒதுங்கிப்போயின. டி.டி.சி. இல்லாத திரையை இணைத்தால் இயங்குதளம் பொதுவான சில அளவுகளையே காட்டும். பழைய ஐ.என்.எஃப். கோப்பு கையில் இருந்தாலும் அதை நிறுவுவது எளிதல்ல. 64 பிட் விண்டோஸ், கோப்பில் அந்தக் கட்டமைப்புக்கு உரிய தனிப் பகுதி இருக்க வேண்டும் என்கிறது. விண்டோஸ் 8 முதல் எண்மக் கையொப்பம் இல்லாத கோப்பை அது வழக்கமான முறையில் ஏற்பதில்லை. இயங்கும் நிரல் எதுவும் இல்லாத உரைக் கோப்புக்கும் இதே விதிதான்.

சில நேரங்களில் குறை திரையில் இருப்பதில்லை. வி.ஜி.ஏ. கம்பியில் 12 அல்லது 15 ஆம் முனை ஒடிந்திருந்தாலோ, இடையில் உள்ள மாற்றி டி.டி.சி.யைக் கடத்தாவிட்டாலோ இதே அறிகுறிதான் தெரியும். ஆகவே இயக்கியைத் தேடுவதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நல்லது. அதன் பின்னும் தீராவிட்டால், வரைகலை அட்டையின் கட்டுப்பாட்டு மென்பொருளில் தனிப்பயன் அளவை உருவாக்கலாம். விண்டோஸில் ஐ.என்.எஃப். வழியாக மாற்று இ.டி.ஐ.டி.யைப் பதிவகத்தில் எழுத இடமுண்டு. லினக்ஸில் கருவகத்துக்குத் தரும் அளவுரு மூலம் இ.டி.ஐ.டி. கோப்பு ஒன்றை ஏற்றலாம். கதிர்க்குழாய்த் திரைகளுக்கு இவற்றைச் செய்யும்போது கையேட்டில் உள்ள அலைவெண் எல்லையை மீறக் கூடாது என்ற பழைய விதி இன்றும் பொருந்தும்.

வி.ஜி.ஏ. இணைப்பியும் மறைந்துவருகிறது. இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2010 டிசம்பரில், 2015க்குள் அதற்கான ஆதரவைக் கைவிடப்போவதாக அறிவித்தன. இன்றைய கணினியில் பழைய திரையை இணைக்க, எண்மச் சமிக்ஞையை ஒப்புமையாக மாற்றும் தகவி தேவைப்படுகிறது.

கதிர்க்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், கைவிடப்பட்ட திரைகள் எளிதில் அழிக்க முடியாத கழிவாகின்றன. இந்தியாவில் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் கணினிகளையும் உள்ளடக்கியவை. மறுபுறம், பழைய விளையாட்டுகளை அவற்றுக்குரிய திரையிலேயே காண விரும்புவோரும், கணினி அருங்காட்சியகங்களும், பழைய ஆலைக் கருவிகளைப் பராமரிப்போரும் இத்திரைகளைத் தேடுகின்றனர். அவர்களுக்கு இன்றும் தேவைப்படுவது, 1990களில் நெகிழ்வட்டில் வந்த அதே இரண்டு வரி எண்கள். அவை பழைய கையேடுகளிலும் ஐ.என்.எஃப். கோப்புகளிலும் உள்ளன. அந்த எண்கள் பாதுகாக்கப்படும் வரை, வேலை செய்யும் நிலையில் உள்ள ஒரு திரையைக் கணினிக்கு அறிமுகப்படுத்த வழி இருக்கும்.